இறுகிய கொலுசு

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. ஓசூரில் வெயிலே கிடையாது என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் ஷிப்ட். நாலரைக்கு எழுந்தது. ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ். நாள் முழுக்க ரப்பர் வளையம். விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும், கீறல் இருந்தால் சிவப்பு டப்பா. மேரி கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று சூப்பர்வைசர் இன்றும் சொன்னார். புகழ்வதற்குக் காசா பணமா.

இந்த டைரி கம்பெனி ஜனவரியில் கொடுத்தது. மார்ச்சில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுத என்ன இருந்தது, ஜெனிக்குப் பேதி என்பதைத் தவிர.

வாங்க:
– லூ. அண்ணிக்கு மூட்டுத் தைலம்
– ஆரோட்டு மாவு
– சர்க்கரை, ரஸ்க்
– ஜெ. கொலுசு

கொலுசு ஜெனிக்கு ஒரு வயதில் போட்டது. இப்போது ஒன்றே முக்கால் ஆகப்போகிறது. காலில் இறுகிவிட்டது. நேற்று குளிப்பாட்டும்போது திருகைக் கழற்றப் பார்த்தேன், சோப்புப் போட்டும் அசையவில்லை. தோலில் வரிவரியாகத் தடம். அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "பாரு மேரி, புள்ள தேறிட்டா. கஞ்சி வேல செய்யுது" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஷிப்ட் முடிந்து சேட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு காலுக்கும் இரண்டிரண்டு கண்ணி சேர்த்துப் போட்டு வந்தேன். சேட்டு திருகைக் குறடு வைத்துத்தான் கழற்றினார். ஜெனி அழவில்லை. சேட்டே ஆச்சரியப்பட்டார்.

லூர்து அண்ணி என் வீட்டுக்காரருடைய அக்கா. ஜெனிக்கு ஏழு மாதத்தில், நான் திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்றதும், நாட்றாம்பாளையத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவர். அவர் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. ஜனவரியில் பத்து நாள் பேதி போனபோது மாந்தம் என்று சொல்லிப் பால், பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்தினார். ஆரோட்டுக் கஞ்சி மட்டும். பேதி நின்றது. நின்ற பிறகு கஞ்சியே பழகிவிட்டது. திரும்பப் பால் கொடுத்தால் திரும்பப் போகுமோ என்று எனக்கும் பயம்.

தூக்கம் வருகிறது. மணி ஏழு.

மார்ச் 11, புதன்

மு. ஷி. பஸ்ஸில் நின்றபடி தூக்கம்.

இன்று அங்கன்வாடியில் எடை. அண்ணி தூக்கிக்கொண்டு போனார். ஜன. 7.8. பிப். 8.1. இப்போது 8.8. அட்டையில் மஞ்சளில் இருந்த புள்ளி பச்சைக்கு ஏறிவிட்டதாம். சுசீலா டீச்சர் கொஞ்சுவதென்றால் தெலுங்கில்தான் கொஞ்சுவார், 'மா பங்காரம்' என்று கன்னத்தைக் கிள்ளி, வந்திருந்த எல்லாத் தாய்மாருக்கும் ஜெனியைத் தூக்கிக் காட்டினாராம். ஒரே மாதத்தில் முக்கால் கிலோ, இப்படி வளர்க்கணும் என்று. அண்ணி இதை மூன்று தடவை சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்கு ஒரு தடவை, எனக்கு இரண்டு தடவை.

சத்துமாவுப் பாக்கெட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஜெனி வயிற்றுக்கு அது கனம். போன மாதம் மாதிரியே வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் கம்பெனிக்கு எடுத்துப்போகலாம். போன மாதம் கேன்டீனில் ஆளுக்கொன்று கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்கள்.

ஜெனி முடி ஓரமெல்லாம் செம்பட்டை. போர் தண்ணீர் உப்பு. வடிகட்டி வைக்க வேண்டும்.

இப்போதெல்லாம் நான் கிளம்பும்போது அழுவதில்லை. அண்ணி இடுப்பில் இருந்தபடி பார்க்கிறாள், அவ்வளவுதான். டிசம்பரில் தெருமுனை வரைக்கும் கத்துவாள். பழகிவிட்டாள். நல்லது.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதை ஆறு மணிக்கு. அதற்கு முன்னால் மூன்றரைக்கு அங்கன்வாடியில் தாய்மார் கூட்டம். ஷிப்ட் முடிந்து குளிக்காமல் அப்படியே போனேன்.

நர்சிங் கடைசி வருடம் படிக்கும் பெண் ஒருத்தி. முத்துச்செல்வி. திருநெல்வேலிப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. சின்னப் பிள்ளைகளின் சத்துக்குறைவு பற்றித் தாய்மாருக்கு எவ்வளவு தெரியும் என்று ஆய்வு செய்கிறாளாம். ஆளுக்கு ஒரு தாள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே வாசித்தாள்.

மேலே சொந்த விவரம். வயது 26. படிப்பு ப்ளஸ் டூ. வேலை கம்பெனி. 'குழந்தைக்கு என்ன உணவு என்று முடிவு செய்பவர்: தாய் / தந்தை / மாமியார் / மற்றவர்.' தாய் என்று டிக் போட்டேன். பக்கத்தில் இருந்தவள் மாமியாருக்குப் போட்டுவிட்டு என் தாளை எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் இருபது கேள்வி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பேதியின்போது உணவை நிறுத்தக் கூடாது. முட்டையில் இருப்பது புரதம். புரதம் குறைந்தால் என்ன தெரியும்: கண் மஞ்சளாவது, கால் முகம் வீங்குவது, காது வலிப்பது. இரண்டாவது. யோசிக்கவே இல்லை. ப்ளஸ் டூவில் நான் சயின்ஸ் குரூப், அந்த நோயின் பேர்கூட ஞாபகம் இருக்கிறது.

இருபதுக்குப் பத்தொன்பது. நான்தான் முதல். அடுத்தவள் பதினொன்று. எது தப்பு என்று கேட்டேன். "அத இப்ப சொல்லப்பிடாதுக்கா. வகுப்பெடுத்து, திரும்ப எழுத வச்ச பொறவுதான் சொல்லணும்" என்றாள். பிடிவாதக்காரி. எனக்கு அந்த ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரு மணி நேரமும் ஜெனி மடியில். ஒரு சிணுங்கல் கிடையாது. மற்றப் பிள்ளைகள் தாளைக் கிழிக்கின்றன, ஒன்றுக்குப் போகின்றன. எவ்வளவு அமைதியான பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

பூசை. துணி ஊறவைத்தது. தண்ணீர் பதினொன்றரைக்குத்தான் விட்டார்கள். அவர் சூளகிரிக் கிடங்கில் ஓவர்டைம். ஞாயிற்றுக்கிழமைக்கும் அங்கே போர்க்லிப்ட் ஓட்ட வேறு ஆள் இல்லையாம்.

சாம்பார், பீட்ரூட். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஜனவரியில் ஜெனி துவண்டு கிடந்தபோது நான் வைத்த நேர்ச்சை. பிள்ளை பிழைத்தால் தவக்காலம் நாற்பது நாளும் வீடு சுத்தம், பாத்திரத்தில்கூட வாடை இருக்காது என்று மாதாவிடம் சொன்னேன். இன்னும் மூன்று வாரம். அவர் மட்டும் வெளியே தின்றுவிட்டு வருகிறார், வாயைத் துடைத்துக்கொண்டு. எனக்குத் தெரியாதென்று நினைப்பு.

வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் ஜெனியைப் பொம்மை போல இருக்கிறாள் என்றார். முகம் நன்றாக உப்பியிருக்கிறது.

ஜெனி சாயங்காலம் முழுக்கத் தூக்கம்.

மார்ச் 19, வியாழன். காலை

நேற்று எழுதவில்லை. நேற்றையது.

இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், ஒரு மணிக்கு பஸ். காலை பதினொன்றுக்கு அங்கன்வாடியில் முத்துச்செல்வியின் வகுப்பு. படம் போட்ட அட்டைகள். பருப்பு, கேழ்வரகு, முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் தட்டில் வைத்துக் காட்டினாள். கடைசியில், வீக்கம் எப்படிப் பார்ப்பது என்று தன் காலை நீட்டி, பாதத்தின் மேல் கட்டைவிரலால் மூன்று எண்ணும் வரை அழுத்தி எடுத்தாள். நல்ல காலில் குழி உடனே மறைந்துவிடும், வீக்கக் காலில் நிற்கும் என்றாள். நீங்களும் உங்க பிள்ளைக்கு அழுத்திப் பாருங்க என்றாள்.

எல்லாருக்கும் சிரிப்பு. பிள்ளைகள் கூச்சத்தில் உதைக்கின்றன. நானும் அழுத்தினேன். ஒன்று இரண்டு மூன்று. விரலை எடுத்தேன். குழி நின்றது. இருபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. இடது காலிலும் அதே. ஜெனி உதைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் ஜனவரிக் குளிருக்கு வைத்திருந்த சாக்ஸ் கிடந்தது. எடுத்து இரண்டு காலுக்கும் போட்டுவிட்டேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. வேறு காரணம் எதுவும் இல்லை. பத்தொன்பது மார்க் வாங்கியவள் பிள்ளை.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணியிடமும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறினேன். எட்டு மணி நேரம் வேலை பார்த்தேன். ஒரு வளையத்திலும் கீறல் தெரியவில்லை. எல்லாம் நல்ல டப்பாவுக்குப் போயிற்று. அதில் எத்தனை ஓட்டையோ.

பஸ்ஸில் என்ன யோசித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் குழம்பு என்ன என்று யோசித்தேன்.

காலையில் திரும்ப அழுத்திப் பார்த்தேன். கொலுசுக்குக் கீழேயும் மேலேயும். அதே.

வாசலில் யாரோ. அப்புறம்.

மார்ச் 20, வெள்ளி. கிருஷ்ணகிரி

பெரியாஸ்பத்திரி. சத்துக்குறைவுப் பிள்ளைகளுக்கென்று தனி வார்டு. கட்டில் ஆறு. நாங்கள் நான்காவது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி.

நேற்று வாசலில் வந்தது முத்துச்செல்வி. உட்காரக்கூட இல்லை. "யக்கா, இந்த வெயிலுல பிள்ளைக்கு எதுக்குச் சாக்ஸ் போட்டிய?" என்று மட்டும் கேட்டாள். நான் ஜெனியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். அவள்தான் சாக்ஸைக் கழற்றினாள். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஓசூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பினார்கள். சூளகிரி தாண்டும்போது அவருடைய கிடங்கு தெரிந்தது. அப்போதுதான் அவருக்குப் போன் செய்யவில்லை என்று ஞாபகம் வந்தது.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவராக இருப்பார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இது சதை இல்லம்மா, தண்ணி. தண்ணி எறங்கினாத்தான் புள்ள நெஜமா எவ்ளோ இருக்குதுன்னு தெரியும்" என்றார். கஞ்சியும் சர்க்கரையும் வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாதாம். முடி செம்பட்டையும் அதனால்தான், தண்ணீரால் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன்.

உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். முதல் ஒரு வாரம்தான் கவனம், காய்ச்சல் வரக் கூடாது, உடம்பு சில்லிடக் கூடாது, பார்க்கலாம் என்றார். ஆகாது என்று சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி. பால் முட்டையெல்லாம் யார் நிறுத்தச் சொன்னது? அவர் அப்போதுதான் சூளகிரியிலிருந்து வந்து, யூனிபார்மோடு கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார், "நான்தான் டாக்டர். நான்தான் நிறுத்துனன். மாந்தம்னு நெனச்சன்."

திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பொய். எனக்கு நேரம் இருந்தது. திறக்கவில்லை.

இங்கே எழுதலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. பிப்ரவரியில், சாம்பல் புதன் முடிந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அண்ணி அடுப்படியில் நின்று கேட்டார்: பேதிதான் நின்னுடுச்சே, பாப்பாவுக்கு மட்டும் ஒரு முட்டை அவிச்சுத் தரட்டுமா, வெளியே ஸ்டவ்வை வைத்து, தனிப் பாத்திரத்தில். நான் வேண்டாம் என்றேன். நேர்ச்சை நேர்ச்சைதான் அண்ணி, ஈஸ்டர் வரைக்கும் வீட்டுக்குள்ள முட்டையே வரக்கூடாது என்றேன். அவர் இன்னொரு தடவைகூடக் கேட்டார். கம்பெனி பஸ் வரும் நேரம், எனக்குக் கோபம் வந்தது. சின்னப் பிள்ளைக்குத் தவக்காலம் கிடையாது என்று எந்தச் சாமியாரும் சொல்லியிருப்பார். கேட்டிருந்தால்.

மார்ச் 22, ஞாயிறு

கொடுக்க வேண்டியது: ஆஸ்பத்திரிப் பால் இரண்டு மணிக்கு ஒரு தடவை, அளந்து. மருந்து வேளைக்கு. வெளியிலிருந்து எதுவும் கூடாது. பிஸ்கட் கூடாது. துணியால் சுற்றி நெஞ்சோடு வைத்திருக்க வேண்டும். குடித்தது, கக்கியது எல்லாம் எழுதி வைக்க வேண்டும். எழுதுவது எனக்குப் பழக்கம்தானே, கம்பெனியிலும் அதுதான்.

பாதிப் பால் கக்கிவிட்டாள். திரும்பக் கொடுத்தது.

காலையில் அவர் வராந்தாவில் அண்ணியைப் பிடித்துக்கொண்டார். வார்டு முழுக்கக் கேட்டது. படிக்காத பொம்பளை கையில் பிள்ளையைக் கொடுத்தது என் தப்பு என்றார். ஊருக்குப் போ, இனிமேல் என் பிள்ளையைத் தொடாதே என்றார். அண்ணி உள்ளே வந்தார். கட்டிலில் கிடந்த ஜெனியின் போர்வையை இழுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "சூடா தண்ணி குடிச்சுக்க, மேரி" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிருஷ்ணகிரியிலிருந்து நாட்றாம்பாளையத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று தெரியவில்லை. அஞ்செட்டி வரைக்கும் போனாலும் அதற்கு மேல் எப்போதாவதுதான் பஸ்.

நான் பால் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எதிர்க் கட்டில்காரி கேட்டாள், நாத்தனாரா? ஆமாம் என்றேன். அவங்க இருந்தாலே இப்படித்தான் என்றாள். ஆமாம் என்றேன். அதற்கும் ஆமாம் என்றேன்.

மார்ச் 25, புதன்

8.8. 8.6. 8.3. 8.0.

எடை இறங்க இறங்க நர்சம்மாவுக்குச் சந்தோஷம். நல்லா எறங்குது, நல்லா எறங்குது என்கிறார். என் மூளை புரண்டுவிட்டது போலிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏறினதற்குக் கை தட்டினோம்.

கொலுசைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். தடத்தில் புண். பர்ஸில் வைத்திருக்கிறேன், சில்லறையோடு.

கம்பெனியிலிருந்து போன். லீவு இந்த மாதம் முடிய மட்டும்தான். சரி என்றேன்.

காய்ச்சல் இல்லை.

அவர் சாயங்காலம் வந்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நான் அழவில்லை. ஏன் என்று தெரியவில்லை. வந்தால் அழலாம். அக்கா போன் எடுப்பதில்லை என்றார். அங்கே சிக்னல் கிடைக்காது என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். டிபன் கேரியரைக் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. கோயில் இல்லை. எதிர்க் கட்டில்காரி இந்து, அவள் வீட்டுக்காரர் தென்னங்கீற்றில் விசிறி முடைந்துகொண்டிருந்தார், புழுக்கத்துக்கு. அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு என்ன நாள் என்று தெரிந்தது.

7.5. இதுதான் நிஜம். முகத்தில் உப்பல் போய்விட்டது, கன்னம் ஒட்டி, கண் பெரிதாக. கை கால் எல்லாம் குச்சி. இத்தனை நாளாக அந்த வீக்கத்துக்குள்ளே இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

பால் முழுக்கக் குடித்தாள். கக்கவில்லை. உயிருக்கு இனிமேல் பயமில்லை என்று டாக்டரம்மா தானாகவே சொன்னார். தலையாட்டினேன். அவர் போன பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனி இன்னும் அழவில்லை. ஊசி போட்டாலும் முகம் மட்டும் சுளிக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

7.7. இது சதை.

முத்துச்செல்வி வந்தாள். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து, நர்சம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் மேசையில் வைத்தாள். மற்றத் தாய்மாரெல்லாம் இரண்டாம் தடவை எழுதிவிட்டார்களாம், நான் மட்டும் பாக்கி. ஒங்களுக்கு இஷ்டம் இல்லன்னா வேண்டாங்கா என்றாள். கொடு என்றேன்.

அதே தாள். முடிவு செய்பவர்: தாய். இந்தத் தடவை டிக் போட நேரம் ஆயிற்று. இருபது கேள்வியும் எழுதினேன். திருத்திவிட்டு, போன தடவை தப்பானது எது என்று சொன்னாள். பதினேழாவது. 'எப்போதும் அழாமல் அமைதியாக இருப்பது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். சரி / தவறு.' சரி என்று போட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை இருபதுக்கு இருபது. அவள் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல பெண்.

அவள் போகும்போது லூர்து அத்தை எங்கக்கா என்று கேட்டாள். ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். தாளில் டிக் போடுவது சுலபம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. மின்விசிறி காலையிலிருந்து ஓடவில்லை. நேற்றிலிருந்து ஜெனிக்குக் குழைந்த சாதம், பருப்பு கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். முட்டையும் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஜெனி அப்பாவுக்கு விடுமுறை, காலையிலேயே வந்துவிட்டார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கிறாராம் இன்றைக்கு. அதிசயம். முட்டை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம், இன்றைக்கு வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன். சரி என்று என் வாய் சொன்னது.

பதினொன்றரைக்கு அண்ணி வாசலில். முதல் நாளே கிளம்பி, ஓசூரில் தம்பி கண்ணில் படாமல் வீட்டுக்கார அம்மாவிடம் தங்கி வந்திருக்கிறார். புடவை கசங்கி, கையில் சின்ன டிபன் டப்பா. இனி முட்டை கொடுக்கலாம் என்று முத்துச்செல்வி போன் செய்து சொன்னாளாம். அண்ணியின் போன் நம்பர் அந்தப் பெண்ணிடம் எப்படி என்று தெரியவில்லை.

அவர் எழுந்து நின்றார். "உன்ன யாரு கூப்ட்டது? நீ குடுத்தது பத்தாதா?" என்றார். அண்ணி காதிலேயே வாங்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். அவித்த முட்டை. பெரிய வெள்ளிக்கிழமை. தவக்காலத்தில் அவர் முட்டையைக் கையால் தொட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அவரே அவித்திருக்கிறார்.

ஜெனி அப்பா டப்பாவைத் தட்டிவிடக் கையை ஓங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். எனக்கே தெரியாமல் பிடித்தேன்.

"அவங்க இல்ல. நான்தான்" என்றேன். "பிப்ரவரிலயே கேட்டாங்க. ரெண்டு வாட்டி கேட்டாங்க, பாப்பாக்கு மட்டும் முட்ட குடுக்கட்டுமான்னு. நான்தான் வேணாம்னன். என்னோட நேர்ச்ச. அன்னிக்கு டாக்டர் கேக்கும்போது வாயே தொறக்கல நான்."

எதிர்க் கட்டில்காரி விசிறியை நிறுத்திவிட்டாள். அவர் என்னையே பார்த்தார். என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முதுகுதான் தெரிந்தது. அப்புறம் வெளியே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டார். இனிமேல் என்னிடம் பேசுவாரா என்று தெரியவில்லை.

அண்ணி ஓட்டை உரித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலே, "மாந்தம்னு மொதல்ல நிறுத்துனது நான்தான, மேரி. அதயும் சொல்லு" என்றார். மஞ்சள் கருவை விரலால் மசித்து, சாதத்தில் பிசைந்து ஊட்டினார். ஜெனி வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறப்பதையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது வாய்க்கு அவளே அண்ணியின் விரலை இழுத்தாள்.

தீர்ந்துவிட்டது. ஒன்றுதான் கொண்டுவந்திருந்தார். அண்ணி காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஜெனி டப்பாவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

அழுகிறாள். இதை எழுதும்போதும் அழுகிறாள். தொண்டை கிழிய, காலை உதைத்துக்கொண்டு. நர்சம்மா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்கிறார். முட்டை வாங்க ஜெனி அப்பா கீழே ஓடியிருக்கிறார்.